புயல் காலத்திற்கு வீட்டுக் குளிரூட்டியை ஆயத்தப்படுத்துதல் (வட சென்னை)

வங்கக் கடலில் உருவாகும் புயல்கள் சென்னைக் கரையை நெருங்குவது பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில்தான். அதற்கு முன்பே வீட்டுக் குளிரூட்டியின் (ஏ.சி.) தாங்குசட்டம், மின் இணைப்பு, வடிகுழாய் ஆகியவற்றைச் சரிபார்த்து வைப்பதையும், புயலின்போதும் அதன் பின்னரும் அதைக் கையாளும் முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது. பேசின் பிரிட்ஜ், இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய வட சென்னைப் பகுதிகளின் நிலைமையை அடிப்படையாகக் கொண்டு எழுதப்பட்டாலும், கடலோர ஊர்கள் பலவற்றுக்கும் இது பொருந்தும்.

வட சென்னையின் நிலை

இப்பகுதியில் ஏ.சி.க்கு மூன்று எதிரிகள் உண்டு: காற்று, வெள்ளம், உப்பு. 2016 டிசம்பர் 12 அன்று சென்னை அருகே கரையைக் கடந்த வர்தா புயல் காற்றின் வலுவைக் காட்டியது. மணிக்கு 100 கி.மீ.க்கு மேல் வீசிய அந்தக் காற்றில் நகரெங்கும் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. மின்சாரம் திரும்பப் பல தெருக்களில் நாட்கள் ஆயின. 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயல் சென்னையில் கரையேறவே இல்லை. டிசம்பர் 5 அன்று ஆந்திரத்தின் பாபட்லா அருகே கரையைக் கடந்தது. ஆனால் அதற்கு முந்தைய இரு நாட்கள் சென்னைக்கு அருகே கடலில் மெதுவாக நகர்ந்தபடி கொட்டிய மழையில் தாழ்வான பகுதிகள் மூழ்கின. பேசின் பிரிட்ஜுக்கும் வியாசர்பாடிக்கும் இடையேயான ரயில் பாலத்தில் நீர் ஏறியதால் சென்ட்ரலிலிருந்து புறப்படும் ரயில்கள் ரத்தாயின. புயல் நேராக வந்து மோதினால்தான் சேதம் என்று நினைப்பது தவறு என்பதற்கு இது போதும்.

உப்பு மெதுவாக வேலை செய்வது. கடற்காற்றில் வரும் உப்பு ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். வெளிப்புறப் பெட்டியில் (அவுட்டோர் யூனிட்) செப்புக் குழாயின் மேல் அலுமினியத் தகடுகள் வரிசையாகச் செருகப்பட்டிருக்கும். இரு வேறு உலோகங்கள் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அங்கே ஒரு சிறு மின்கலம் உருவாகி, அலுமினியம் அரிக்கப்படும். தகட்டைத் தொட்டால் வெள்ளை மாவாக உதிர்வது இதனால்தான். இதனுடன் சாலைப் புழுதியும் தொழிற்சாலைத் தூசியும் சேர்ந்தால் பசைபோல் ஒட்டிக்கொண்டு, காற்றோட்டத்தையும் அடைக்கும்.

தாங்குசட்டம்

புயலுக்கு முன் ஒரே ஒரு வேலைதான் செய்ய முடியும் என்றால், சுவரில் அவுட்டோர் யூனிட்டைத் தாங்கும் இரும்புச் சட்டத்தைப் பாருங்கள். மற்றவை பணச் செலவில் முடியும். இது கீழே நடந்து போகிறவரின் உயிர். 2024 ஆகஸ்டில் டெல்லி கரோல் பாக்கில், புயல் ஏதுமில்லாத ஒரு நாளில், மாடியிலிருந்து விழுந்த அவுட்டோர் யூனிட் தெருவில் இருந்த இளைஞர் ஒருவரின் உயிரைப் பறித்தது. இராயபுரத்தின் குறுகிய சந்துகளில் இரண்டாம் மாடியிலும் மூன்றாம் மாடியிலும் தொங்கும் பெட்டிகளின் கீழே தண்ணீர்க் குடத்துடன் ஆட்கள் நிற்பது அன்றாடக் காட்சி.

காற்றின் அழுத்தம் அதன் வேகத்தின் இருமடிப்படி கூடும். வேகம் இரட்டித்தால் தள்ளும் விசை நான்கு மடங்காகும். 1.5 டன் அவுட்டோர் யூனிட்டின் முகப்பு ஏறத்தாழ 0.45 சதுர மீட்டர் எனக் கொண்டால், மணிக்கு 60 கி.மீ. காற்று அதைச் சுமார் 8 கிலோ எடைக்குச் சமமான விசையுடன் தள்ளும், 120 கி.மீ. காற்றில் அது 30 கிலோவைத் தாண்டும். பெட்டியின் எடையே 25 முதல் 40 கிலோ வரை இருக்கும். அந்தச் சுமையோடு, காற்று விட்டுவிட்டு மோதி ஆட்டும் ஆட்டமும் சேர்கிறது. துருவேறிய சட்டம் பெரும்பாலும் அந்த ஆட்டத்தில்தான் போகிறது.

சரிபார்க்க வேண்டிய இடங்கள்: சுவரில் பதிந்த ஆங்கர் போல்ட்டுகள், சட்டத்தின் வெல்டிங் மூட்டுகள், பெட்டியின் கால்களைச் சட்டத்தோடு பிணைக்கும் நட்டுகள். பெயிண்ட் உப்பியிருந்தால் உள்ளே துரு இருக்கிறது என்று பொருள். மேலே புதுப் பெயிண்ட் அடிப்பதால் பயனில்லை. சுரண்டிப் பார்க்க வேண்டும். தகடு ஏடு ஏடாக உரிந்தால் சட்டத்தையே மாற்றுவதுதான் வழி. கடலுக்கு அருகே கால்வனைஸ் செய்த சட்டமும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டுகளும் தாங்கும் காலம் அதிகம். பழைய வீடுகளின் சன்ஷேடில் பெட்டியை வைத்திருப்பவர்கள் அந்த சன்ஷேடின் அடிப்புறத்தையும் பார்க்க வேண்டும். உள்ளிருக்கும் கம்பி துருப்பிடித்து சிமென்ட் பெயர்ந்திருந்தால் எந்தப் போல்ட்டும் காப்பாற்றாது. இதையெல்லாம் ஜன்னல் வழியே எட்டிக் குனிந்து வீட்டுக்காரர் தாமே செய்ய முயலக்கூடாது. பாதுகாப்புக் கயிறு கட்டிக்கொண்டு வேலை செய்யும் மெக்கானிக்கை அழைப்பதே முறை.

மொட்டை மாடியில் தரையில் வெறுமனே நிற்கும் பெட்டிகளும் ஆபத்தானவையே. கனம் இருக்கிறது, எங்கே போய்விடும் என்று விட்டுவிடுகிறார்கள். ஸ்டாண்டைத் தளத்தோடு போல்ட் செய்வது நல்லது. பெட்டியைச் சுற்றித் தார்ப்பாய் போர்த்தும் பழக்கம் பரவலாக உள்ளது. ஆனால் அது பாய்மரம்போல் காற்றைப் பிடித்து விசையைக் கூட்டும். அவுட்டோர் யூனிட் மழையில் நனைவதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. அதைவிட மாடியில் கிடக்கும் ஆஸ்பெஸ்டாஸ் துண்டு, பூந்தொட்டி, பழைய நாற்காலி ஆகியவற்றை அகற்றுவது மேல். பெட்டியின் தகடுகளை நசுக்குவது பறந்து வரும் அவைதான்.

வெள்ளம்

பேசின் பிரிட்ஜ், புளியந்தோப்பு, வியாசர்பாடி போன்ற தாழ்வான பகுதிகளில் தரைத்தள வீட்டின் அவுட்டோர் யூனிட் எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்பதற்கு நூல் விதி தேவையில்லை. 2015இலோ 2023இலோ தண்ணீர் நின்ற கோடு சுவரில் இருக்கும். இல்லையென்றால் அக்கம்பக்கத்தார் நினைவில் இருக்கும். பெட்டியின் அடி அதற்கு மேலே இருக்க வேண்டும். இடம் மாற்றும்போது குழாய்களில் உள்ள வாயுவை அவுட்டோர் யூனிட்டுக்குள் இழுத்து அடைக்கும் 'பம்ப் டவுன்' வேலையை மெக்கானிக் முதலில் செய்வார். இப்போதைய ஏ.சி.கள் பலவற்றில் உள்ள ஆர்-32 வாயு ஓரளவு தீப்பிடிக்கக்கூடியது என்பதால், குழாயைத் தாமே கழற்றிப் பார்ப்பது கூடாது.

இண்டோர் யூனிட்டிலிருந்து குழாய் வெளியேறும் சுவர்த் துளை பலர் கவனிக்காத வாசல். பக்கவாட்டில் அடிக்கும் மழை அதன் வழியே சுவருக்குள் இறங்கி, சில வீடுகளில் அருகிலுள்ள சுவிட்ச் பெட்டி வரை வந்துவிடும். துளையை அடைத்து, குழாயை வெளியே சற்றுக் கீழ்நோக்கி வளைத்துவிட்டால் நீர் வளைவிலேயே சொட்டிவிடும். டிரெயின் குழாயின் முனை தேங்கும் நீரில் மூழ்காதபடி உயர்த்திக் கட்ட வேண்டும்.

மின்சாரம்

புயல் கரையைக் கடக்கும்போது பாதுகாப்பு கருதி மின்சாரம் நிறுத்தப்படுவது வழக்கம். ஏ.சி.யின் மின்சுற்றுப் பலகை பழுதாவது பெரும்பாலும் மின்சாரம் போகும்போது அல்ல, திரும்பி வரும்போது. ஆகவே ரிமோட்டில் அணைப்பது போதாது, ஏ.சி.க்குரிய எம்.சி.பி.யை இறக்கிவிட வேண்டும். மின்சாரம் வந்தபின் விளக்கும் மின்விசிறியும் அரை மணி நேரமாவது ஏற்ற இறக்கமின்றி இயங்கிய பிறகே அதை ஏற்றலாம்.

இதில் தனியாகச் சொல்ல வேண்டியது நியூட்ரல் கம்பி அறுவது. மரம் விழுந்து நியூட்ரல் மட்டும் துண்டிக்கப்பட்டால், 230 வோல்ட் வர வேண்டிய வீட்டுக்கு 400 வோல்ட் அளவுக்குக்கூட வரக்கூடும். சில விளக்குகள் கண்ணைக் கூசும்படி எரிந்து, வேறு சில மங்கினால் அதுவே அடையாளம். உடனே மெயினை அணைக்க வேண்டும். ஸ்டெபிலைசர் இருக்கிறதே என்று நம்பியிருக்க வேண்டாம். ஓர் அளவுக்கு மேல் அதுவும் எரியும். எர்த் இணைப்பும், கசிவு மின்சாரத்தை உணர்ந்து துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் வேலை செய்கின்றனவா என்று மழைக்கு முன்பே எலக்ட்ரீஷியனைக் கொண்டு பார்ப்பது அவசியம். உப்புக் காற்றில் எர்த் கம்பியின் முனை அரித்து, பெயருக்குத் தொங்கிக்கொண்டிருப்பது உண்டு. மின்தடை, அறுந்த கம்பி குறித்த புகாருக்கு மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987; மாநகராட்சியின் உதவி எண் 1913.

எப்போது செய்வது

கோடைக்கு முன் மார்ச்சில் சர்வீஸ் செய்வதே நகரின் வழக்கம். இப்பகுதிக்குச் செப்டம்பரில் இன்னொன்று தேவை. துறைமுகங்களில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டின் எண்ணையும் பயன்படுத்திக்கொள்ளலாம். 1, 2 என்பவை தொலைவில் உள்ள புயலைக் குறிப்பவை; மாடியை ஒழுங்குசெய்ய அப்போது நேரம் இருக்கும். 3, 4 துறைமுகத்திற்கே மோசமான வானிலை நேரலாம் என்பவை. 5 முதல் 10 வரை அபாய எண்கள்; அந்த நிலையில் எவரும் ஏணியில் ஏறக்கூடாது. 11 தகவல் தொடர்பு அற்றுப்போனதைக் குறிக்கும். புயலின் கண் கடக்கும் இடத்தில் காற்று திடீரென ஓயும். ஓய்ந்ததென்று மாடிக்குப் போனவர்களைச் சிறிது நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து அதே வேகக் காற்று பிடித்துக்கொள்ளும்.

புயலுக்குப் பின்

டிசம்பரில் சென்னையில் யாரும் ஏ.சி. போடுவதில்லை. அதனால் புயல் கொண்டுவந்த உப்பு மூன்று மாதம் தகடுகளில் அப்படியே இருந்து தின்கிறது. மார்ச்சில் போட்டுப் பார்த்து 'கேஸ் இல்லை' என்று அறியும் பல வீடுகளில் கசிவு தொடங்கியது அந்த மாதங்களில்தான். மழை விட்டு இரண்டொரு நாளில், எம்.சி.பி.யை இறக்கிவிட்டு, எளிதில் எட்டும் இடத்திலுள்ள பெட்டியாக இருந்தால் நல்ல தண்ணீரை மெல்லிய வேகத்தில் தகடுகளின் மேல் விட்டுக் கழுவலாம். பிரஷர் பம்ப் தகடுகளை மடித்துவிடும். உப்பு கலந்த போர் தண்ணீரில் கழுவுவதில் பொருளில்லை.

மிக்ஜாமின்போது மணலித் தொழிற்பகுதியிலிருந்து கலந்த எண்ணெய் எண்ணூர் முகத்துவாரம் வரை பரவி, கரையோர வீடுகளின் சுவர்களில் கறுப்புக் கோடாகப் படிந்தது. இப்படி எண்ணெய் படிந்த பெட்டியை மண்ணெண்ணெயோ பெட்ரோலோ கொண்டு துடைக்கக்கூடாது. மின்சுற்று உள்ள இடத்தில் அது தீயை அழைப்பது. காயில் கழுவும் திரவத்தைக் கொண்டு மெக்கானிக் செய்யட்டும்.

நீரில் மூழ்கிய அவுட்டோர் யூனிட்டை 'காய்ந்துவிட்டது' என்று போட்டுப் பார்ப்பதே மிகப் பெரிய தவறு. வெளியே காய்ந்தாலும் மோட்டார் சுருளிலும் பலகையிலும் சேறும் உப்பும் இருக்கும். மின்சாரம் பெட்டியின் உடலுக்கே பாயக்கூடும். மின்சாரத்தை நிறுத்திய பின்னும் கெப்பாசிட்டரில் மின்னேற்றம் தங்கியிருப்பதால் மூடியைத் திறப்பதும் ஆபத்து. மெக்கானிக் பெட்டியைத் திறந்து கழுவி உலர்த்தி, 'மெகர்' கருவியால் மின்காப்பை அளந்து, கம்ப்ரஸர் உடலுக்கு மின்கசிவு இல்லை என்று உறுதிசெய்த பிறகே எம்.சி.பி.யை ஏற்ற வேண்டும்.