உஷார்! குறட்டை விடும் பிள்ளை அசந்து தூங்கவில்லை

"அலுப்புல எப்படிக் குறட்டை விடுது பாருங்க" என்று சிரித்துக்கொண்டே பிள்ளைக்குப் போர்வையை இழுத்துவிடுகிறவர்கள் கொஞ்சம் கவனியுங்கள். சளி பிடித்த நாளில் குறட்டை வந்தால் விட்டுவிடலாம். சளியே இல்லாமல் வாரத்தில் மூன்று நாளோ அதற்கு மேலோ வந்தால், பிள்ளை மூச்சுக்கு மல்லுக்கட்டுகிறதோ என்று சந்தேகப்பட்டே ஆக வேண்டும்.

மூக்குக்குப் பின்னால் அடினாய்டு என்று ஒரு சதை இருக்கிறது. "மூக்குல சதை வளர்ந்திருக்கு" என்று ஊரில் பிள்ளைகளுக்குச் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். இரண்டிலிருந்து எட்டு வயதுக்குள் அடினாய்டும் டான்சிலும் தொண்டையின் அளவுக்கு மீறிப் பெருத்து நிற்கும். தூக்கத்தில் தசை தளர்ந்ததும் வழி அடைபடுகிறது, ரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறது, மூளை திடுக்கிட்டு உடம்பை உசுப்புகிறது. பிள்ளை கண் திறக்காது; புரண்டு படுக்கும், மறுபடி அடைபடும். விடிய விடிய இதே கதை.

இப்படித் தூங்கிய பெரியவர்கள் மறுநாள் கொட்டாவி விடுவார்கள். பிள்ளைகள் பலருக்கு நேர்மாறு: ஓரிடத்தில் உட்காராது, எரிந்து விழும், சொல்லிக்கொடுத்தது நிற்காது. டீச்சர் "சேட்டை" என்பார், வீட்டில் "மக்கு" என்பார்கள். நம் பக்கத்தையே பாருங்கள்: 2023-ல் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியில் பெரம்பலூர் மாநிலத்திலேயே முதலிடம், 2024-ல் அரியலூர். பெருமைதான். ஆனால் மார்க்கை இவ்வளவு உன்னிப்பாகப் பார்க்கும் ஊரில், மார்க் குறைந்த பிள்ளையை விடியற்காலை டியூஷனுக்கு எழுப்புகிறோமே தவிர, ராத்திரி எப்படித் தூங்குகிறது என்று யாரும் கேட்பதில்லை. அரைகுறைத் தூக்கத்தையும் பிடுங்கிக்கொள்கிறோம்!

1998-ல் வெளியான ஆய்வில், அமெரிக்காவில் டேவிட் கோசல் என்ற மருத்துவர் முதல் வகுப்பில் படிப்பில் கடைசிப் பத்து சதவீதத்தில் இருந்த 297 பிள்ளைகளைச் சோதித்தார். 54 பேருக்குத் தூக்கத்தில் மூச்சுக் கோளாறு. அவர்களில் 24 பேருக்கு டான்சில், அடினாய்டு அறுவை சிகிச்சை நடந்தது. அடுத்த ஆண்டு அவர்கள் மதிப்பெண் ஏறியது. சிகிச்சை வேண்டாம் என்றவர்களின் பிள்ளைகள் அதே இடத்தில் நின்றார்கள்.

அதற்காக, ஆபரேஷன் செய்தால் முதல் ரேங்க் என்று யாராவது சொன்னால் அதற்கும் உஷார். 2013-ல் 464 பிள்ளைகளிடம் நடந்த பெரிய ஆய்வில், ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு ஏழு மாதத்தில் தூக்கமும் நடத்தையும் நன்றாகத் தேறின. கவனத்தை அளக்கும் சோதனையில் பெரிய வித்தியாசம் வரவில்லை. லேசான கோளாறுக்கு மூக்கில் அடிக்கும் ஸ்பிரேயே போதுமானதாக இருக்கலாம். அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். மெடிக்கலில் நாமே வாங்கும் மூக்கடைப்புச் சொட்டு மருந்தை நாள்கணக்கில் விட்டால் அடைப்பு இன்னும் கூடும்.

பத்து மணிக்கு எட்டிப் பார்த்துவிட்டு "ஒண்ணுமில்லை" என்று படுத்துவிடாதீர்கள். கனவுத் தூக்கம் கூடுதலாக வருவது விடியும் நேரத்தில். பிள்ளைகளுக்கு அடைப்பு மோசமாவதும் அப்போதுதான். மூன்று, நான்கு மணிக்கு எழுந்து பனியனைத் தூக்கிப் பாருங்கள். வயிறு எம்பும்போது நெஞ்சு உள்ளே ஒடுங்குகிறதா? வாய் பிளந்து, கழுத்தைப் பின்னால் வளைத்துப் படுத்திருக்கிறதா? குறட்டை சட்டென்று நின்று, சில நொடி சத்தமே இல்லாமல், பிறகு திணறி மூச்சு இழுக்கிறதா? தலையணை வியர்வையில் நனைவது, நின்றுபோன படுக்கை ஈரம் மறுபடி தொடங்குவது, காலைத் தலைவலி — இவையும் அடையாளங்கள். செல்போனில் ஒன்றிரண்டு நிமிடம் வீடியோ எடுத்துவையுங்கள்.

அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரியும் சிமெண்ட் ஆலையும், பெரம்பலூர்ப் பக்கம் கல்குவாரியும். குறட்டைக்கெல்லாம் தூசுதான் காரணம் என்று நான் பழிபோடவில்லை. ஆனால் ஏற்கெனவே அடைத்த மூக்குக்குத் தூசு பகை. வீட்டுக்குள் பீடி, சிகரெட் புகை அதைவிடப் பகை. அதையாவது இன்றைக்கே நிறுத்தலாம். கொசுவத்திக்குப் பதில் வலை கட்டுங்கள்.

பெரம்பலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கோ, 2022-ல் திறந்த அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ போய், காது மூக்கு தொண்டை டாக்டரிடம் அந்த வீடியோவை முதலில் காட்டுங்கள். மார்க் ஷீட்டையும் கொண்டுபோங்கள். தூக்கத்தில் உதடு நீலம் பாய்ந்தால் மட்டும் காலைவரை காத்திருக்க வேண்டாம்: 108-ஐக் கூப்பிடுங்கள்.