கச்சத்தீவுத் திருவிழாவும் மூன்று நாள் கடலும்

பாக் நீரிணையில் கிடக்கும் கச்சத்தீவின் பரப்பு 285 ஏக்கர். குடிதண்ணீர் இல்லை, குடியிருப்பும் இல்லை. ராமேஸ்வரத்திலிருந்து சுமார் 12 கடல் மைல். இங்குள்ள அந்தோணியார் கோவில் திருவிழாவுக்காக ஆண்டுக்கொரு முறை, பிப்ரவரியிலோ மார்ச்சிலோ, இரு கரைத் தமிழரும் இரண்டு நாள் கூடுகிறார்கள். முதல் கோவிலைக் கட்டியவர் ராமநாதபுரம் சீமையின் சீனிக்குப்பன் படையாட்சி என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. இன்று கோவில் யாழ்ப்பாண மறைமாவட்டத்தின் பொறுப்பில் இருக்கிறது.

1974 ஜூனில் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்த ஒப்பந்தப்படி தீவு இலங்கைக்குப் போனது. ஆனாலும் அதன் 5ஆம் பிரிவு, இந்திய மீனவரும் பக்தரும் விசா இல்லாமல் முன்போலவே வந்துபோகலாம் என்கிறது. 1976 மார்ச்சில் கடிதங்கள் மூலம் ஏற்பட்ட இரண்டாவது உடன்பாடு, ஒரு நாட்டு மீனவர் மறுநாட்டுக் கடலில் மீன்பிடிக்கக் கூடாது என்றது. தமிழக ஆட்சி கலைக்கப்பட்டு அப்போது இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கேட்பதற்குச் சட்டமன்றமே இல்லாத நேரத்தில் கடல் பங்கு போடப்பட்டது.

கொடியேற்றம், சிலுவைப்பாதை, இரவில் தேர்ப்பவனி, மறுநாள் காலைத் திருப்பலி எனத் திருவிழா நடக்கும். இடைப்பட்ட நேரமெல்லாம் உறவுக்காரரைத் தேடுவதிலேயே போகும். தமிழகத்துச் சேலையும் கைலியும் அந்தப் பக்கம் போக, அங்கிருந்து சோப்பும் தேங்காய் எண்ணெயும் வந்த காலம் உண்டு. பெண் கொடுத்து, பெண் எடுத்த கரைகள் இவை.

1983இல் இலங்கையில் போர் மூண்டதும் திருவிழா நின்றது. பின்னர் வந்த போர்நிறுத்தக் காலத்தில் மீண்டும் தொடங்கினாலும், ஆண்டுதோறும் ஒழுங்காக நடப்பதெல்லாம் போர் முடிந்த பிறகுதான். போர்க்காலத்தில் தப்பி வந்தவர்களை அரிச்சல்முனைப் பக்கம் கரைசேர்த்ததில் ராமேஸ்வரம் மீனவருக்குப் பெரும் பங்குண்டு. மண்டபம் முகாமில் பதிவானவர்கள் தமிழகம் முழுக்க அனுப்பப்பட்டார்கள். கடலே இல்லாத விருதுநகர் மாவட்டத்துக்கும் வந்தார்கள். சிவகாசி வட்டாரத்தில், ஆனைக்குட்டத்தில் அவர்களுக்கு முகாம் இருக்கிறது. 2021 முதல் இத்தகைய முகாம்களின் பெயர் மறுவாழ்வு முகாம்.

இவ்வளவு நெருக்கம் இருந்தும் சண்டை ஏன்? இலங்கைக் கடற்படையின் துப்பாக்கி பாதிக் காரணம். மீதி, கடலடியை வாரும் இழுவை மடி வலை. 1950களுக்குப் பின் அரசே ஊக்குவித்துப் பெருகிய விசைப்படகுகள், இந்தப் பக்கத்துக் கடலடியை வழித்துத் துடைத்துவிட்டு எல்லை தாண்டின. போர்க்காலத்தில் இலங்கையின் வடக்கு மீனவர் கடலுக்குப் போக முடியாமல் முடங்கியிருந்ததால் அந்தக் கடல் காலியாகக் கிடந்தது. 2009க்குப் பின் அவர்கள் வலையோடு இறங்கியபோது, ராமேஸ்வரத்து விசைப்படகுகள் புறப்படும் திங்கள், புதன், சனி அவர்களுக்குப் பயத்துக்குரிய நாட்களாயின. கடனுக்கு வாங்கிய வலை ஒரே இரவில் அறுந்துபோனால், திருவிழாவில் கைகுலுக்கியவன்தான் அறுத்தான் என்று தெரிந்தாலும் கோபம் குறையாது. தமிழக மேடைகளில் பிரச்சினையின் இந்தப் பக்கம் அநேகமாகப் பேசப்படுவதே இல்லை.

மீனவர்களே நேருக்கு நேர் பேசியதும் உண்டு. 2014 ஜனவரியில் சென்னையிலும் மே மாதம் கொழும்பிலும், 2015 மார்ச்சில் மறுபடி சென்னையிலும் கூடினார்கள். இழுவை மடியைக் கைவிட மூன்றாண்டு அவகாசம் வேண்டும், அதுவரை ஆண்டுக்கு 83 நாள் மீன்பிடிக்க அனுமதி வேண்டும் என்றது தமிழகத் தரப்பு. வடக்கு மீனவர் ஒப்புக்கொள்ளவில்லை. 2017இல் இலங்கை நாடாளுமன்றம் இழுவை மடியைச் சட்டப்படி தடை செய்தது.

2024 பிப்ரவரியில் தமிழக மீனவர் சிலருக்கு இலங்கை நீதிமன்றம் சிறைத் தண்டனை விதித்ததைக் கண்டித்து, ராமேஸ்வரத்தார் திருவிழாவையே புறக்கணித்தார்கள். அடுத்த சில வாரங்களில் கச்சத்தீவு மக்களவைத் தேர்தல் பிரச்சாரத்துக்கும் வந்தது. 2025 மார்ச்சில் படகுகள் மீண்டும் திருவிழாவுக்குப் போயின.

தீவு திரும்பக் கிடைத்தாலும் இழுவை மடித் தகராறு தீராது. இழுவை மடிக்கு மாற்றாக 2017இல் அறிவித்த ஆழ்கடல் திட்டத்தில், 80 லட்சம் ரூபாய்ப் படகுக்கு 70 சதவீதம் மானியம் தந்து, மூன்றாண்டில் 2,000 விசைப்படகுகளை மாற்றுவதாகச் சொன்னார்கள். அதில் சிறு பங்கே நிறைவேறியது.