நீண்ட பேட்டியும் நேரான கேள்வியும்

ஒரு ராஜ்யத்தில் ஜனங்கள் எவ்வளவு சுதந்திரம் பெற்றிருக்கிறார்கள் என்பதை அறிய ஒரு சுலபமான வழி உண்டு. அங்கே அதிகாரத்தில் இருப்பவரையும் அதிகாரத்தை நாடுபவரையும் யார் கேள்வி கேட்கிறார்கள், எப்படிக் கேட்கிறார்கள், பதில் திருப்திகரமாக இல்லாவிட்டால் மறுபடியும் கேட்க அவர்களுக்கு இடமுண்டா என்று பார்த்தால் போதும். இந்த அளவுகோலைக் கையிற்கொண்டு, அமெரிக்க ஐக்கிய நாடுகளில் சில ஆண்டுகளாகப் பெருகிவரும் நீண்ட பேட்டி முறையைப் பரிசீலிப்பது அவசியமென்று கருதுகிறோம். ‘பாட்காஸ்ட்’ என்று வழங்கும் இணைய ஒலிபரப்பில், ராஜீயத் தலைவர் ஒருவரும் அவரைப் பேட்டி காண்பவரும் எதிரெதிரே அமர்ந்து இரண்டு மணி, மூன்று மணி நேரம் சம்பாஷிக்கின்றனர். கோடிக்கணக்கானோர் கேட்கின்றனர். ஜனநாயகத்துக்குப் புத்துயிர் வந்துவிட்டதென்று சிலர் கொண்டாடுகின்றனர். வெறும் அரட்டையென்று சிலர் தள்ளிவிடுகின்றனர். இரண்டும் பாதி உண்மையே.

நீண்ட விவாதம் அமெரிக்கருக்குப் புதியதன்று. 1858ஆம் ஆண்டில் இல்லினாய் ராஜ்யத்தில் ஸெனேட் ஸ்தானத்துக்குப் போட்டியிட்ட ஆபிரகாம் லிங்கனும் ஸ்டீபன் டக்ளஸும் ஏழு ஊர்களில் ஒரே மேடையில் ஏறி வாதித்தனர். முதலில் பேசுவோருக்கு ஒரு மணி, எதிர்த்துப் பேசுவோருக்கு ஒன்றரை மணி, மறுமொழிக்கு அரை மணி. ஆக ஒவ்வோர் ஊரிலும் மூன்று மணி நேரம். அடிமை முறை புதிய பிரதேசங்களில் பரவலாமா என்பதே வாதத்தின் மூலப் பிரச்னை. சுருக்கெழுத்தாளர்கள் எழுதியெடுக்க, பத்திரிகைகள் அவற்றை விரிவாக அச்சிட்டன. ஆயினும் அந்த இருபத்தோரு மணி நேரத்தில் சரித்திரம் பெரிதும் நினைவில் வைத்திருப்பது ஃப்ரீபோர்ட் என்ற ஊரில் லிங்கன் விடுத்த ஒரு கேள்வியைத்தான். ஒரு பிரதேசம் தனி ராஜ்யமாக ஆவதற்கு முன்பே அங்குள்ள ஜனங்கள் அடிமை முறையைச் சட்டப்படி விலக்க முடியுமா என்று அவர் கேட்டார். முடியும் என்று டக்ளஸ் பதிலளித்தார். அந்தப் பதில் அவருக்கு ஸெனேட் ஸ்தானத்தை நிலைநிறுத்த உதவியது. ஆனால் தென்னாட்டாரின் நம்பிக்கையை அவர் இழந்தார். 1860-ல் லிங்கன் ஜனாதிபதியானார். நேரம் அவகாசத்தையே அளித்தது. வேலையைச் செய்தது கேள்வி.

டெலிவிஷன் யுகம் இந்த அவகாசத்தைச் சுருக்கிவிட்டது. 1968ஆம் ஆண்டுத் தேர்தலின்போது, செய்தி ஒளிபரப்பில் ஓர் அபேட்சகர் தம் சொந்தக் குரலில் இடையறாது பேசிய பகுதி சராசரியாக 40 விநாடிக்கு மேல் இருந்தது. 1988-ல் அது 10 விநாடிக்கும் குறைந்துவிட்டதாக ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டனர். பத்து விநாடியில் கோஷம் போடலாம்; கொள்கையை விளக்க முடியாது. மேலும், எதை வெட்டினார்கள், எதை ஒட்டினார்கள் என்ற ஐயமும் ஜனங்களிடையே வளர்ந்தது. 2024 அக்டோபரில் ஸி.பி.எஸ். கம்பெனி ஸ்ரீமதி கமலா ஹாரிஸைக் கண்ட பேட்டியில், ஒரே பதிலின் இரு வேறு பகுதிகள் இரு வேறு நிகழ்ச்சிகளில் வெளிவந்தன. டிரம்ப் வழக்குத் தொடுத்தார். அவர் ஜனாதிபதியான பிறகு, 2025 ஜூலையில், அக்கம்பெனியின் உடைமையாளரான பாரமௌண்ட் 1 கோடியே 60 லட்சம் டாலர் கொடுத்து ராஜி செய்துகொண்டது. அச்சமயம் பாரமௌண்ட் வேறொரு கம்பெனியோடு இணைவதற்கு சர்க்காரின் அனுமதியை எதிர்நோக்கியிருந்தது என்பதையும் நேயர்கள் கவனிக்க வேண்டும். பத்திரிகையின் சோர்வும் அதிகாரத்தின் மிரட்டலும் ஒருங்கே சேர்ந்த இடத்தில், ‘வெட்டாத பேட்டி’ ஜனங்களின் நம்பிக்கையைப் பெற்றதில் வியப்பில்லை.

2024 அக்டோபர் 25ஆம் தேதி ஜோ ரோகன் வெளியிட்ட பேட்டி இதற்குச் சிறந்த உதாரணம். டெக்ஸாஸிலுள்ள ஆஸ்டின் நகரில் டிரம்ப் அவரோடு ஏறக்குறைய மூன்று மணி நேரம் பேசினார். அன்றிரவு மிச்சிகனில் காத்திருந்த கூட்டம் பல மணி நேரம் தாமதத்தைச் சகிக்க நேர்ந்தது. சில தினங்களுக்குள் யூடியூபில் மட்டும் மூன்று கோடி தடவைக்கு மேல் அப்பேட்டி பார்க்கப்பட்டது. திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரத்தோடு தாய்வழித் தொடர்புடைய ஸ்ரீமதி ஹாரிஸும் ரோகனைச் சந்திப்பதாகப் பேச்சு நடந்தது. இடமும் நேரமும் ஒத்துவராமல் நின்றுபோயிற்று. தேர்தலுக்கு முதல் நாள் ரோகன் டிரம்பை ஆதரித்தார். தம்மிடம் மூன்று மணி நேரம் பேச அஞ்சாதவர் என்ற எண்ணத்தை வாக்காளரிடம் உண்டாக்கியது டிரம்புக்குக் கிடைத்த லாபம்.

வாக்காளருக்குக் கிடைத்த லாபம் என்ன? அப்பேட்டியில் ஒரு பெரிய விஷயம் வந்துபோயிற்று. வருமான வரியை நீக்கிவிட்டு அதனிடத்தில் இறக்குமதி வரியை வைப்பதென்று சொன்னீர்களே, அது மெய்யாகவா என்று ரோகன் கேட்டார். ஏன் கூடாது என்ற பாணியில் பதில் வந்தது. பேச்சு மெக்கின்லி காலத்துச் செழிப்பை நோக்கிச் சென்றது. அமெரிக்காவில் தனிநபர் வருமான வரி ஆண்டுக்கு 2 லட்சம் கோடி டாலருக்கு மேல் தருகிறது. இறக்குமதியாகும் பண்டங்களின் மொத்த விலையோ 2024-ல் 3 லட்சம் கோடி டாலருக்குச் சற்று மேல். சகல பண்டங்களின்மீதும் விலையில் மூன்றில் இரண்டு பங்கை வரியாகப் போட்டாலும், அப்படிப் போட்ட பின் ஒரு பண்டமும் குறையாமல் வந்தாலுங்கூட, கணக்கு நேராவது அரிது. வரி ஏறினால் இறக்குமதி குறையும். குறைந்தால் வரும்படியும் குறையும். விலையைச் சுமப்பவர் கடையில் வாங்குபவரே. இந்த எளிய கணக்கை முன்வைத்து, இது எப்படி நடக்கும் என்று கேட்க ஐந்து நிமிஷம் போதும். மூன்று மணி நேரத்தில் அந்த ஐந்து நிமிஷம் கிடைக்கவில்லை.

இது அமெரிக்கர்களின் வீட்டு விஷயம், நமக்கென்ன என்று சொல்வதற்கில்லை. 2025 ஆகஸ்டு 27ஆம் தேதி முதல் இந்தியப் பண்டங்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தபோது, திருப்பூரின் பின்னலாடைத் தொழிலும் அதை நம்பிய குடும்பங்களும் கலங்கியதை நாம் கண்டோம். ஆஸ்டினில் கேட்கப்படாத கேள்விக்குத் திருப்பூர்த் தொழிலாளி விடை சொல்ல நேர்ந்தது.

நீளம் வேறு, விசாரணை வேறு என்பதற்கு டக்கர் கார்ல்ஸன் என்ற ஒருவரே மூன்று சாட்சி தருகிறார். 2024 பிப்ரவரியில் அவர் மாஸ்கோ சென்று ருஷ்ய ஜனாதிபதி புட்டினை இரண்டு மணி நேரம் பேட்டி கண்டார். தொடக்கத்தில் சுமார் அரைமணி நேரம் புட்டின் ருஷ்யாவின் பழஞ்சரித்திரத்தை உபந்நியாசம் செய்தார். கடுமையான கேள்விகளை எதிர்பார்த்திருந்ததாகவும் அவை வரவில்லையென்றும் பின்னர் புட்டினே கூறினார். 2025 ஜூனில், ஈரான்மீது யுத்தம் வேண்டுமென்று வாதித்த டெக்ஸாஸ் ஸெனட்டர் டெட் குரூஸைக் கார்ல்ஸன் சந்தித்தார். இருவரும் டிரம்பை ஆதரித்தவர்களே. ஈரானின் ஜனத்தொகை எவ்வளவு என்று கார்ல்ஸன் கேட்டார். தெரியாதென்றார் ஸெனட்டர். எந்த தேசத்தின் ஆட்சியைக் கவிழ்க்க விரும்புகிறாரோ அந்த தேசத்தில் எத்தனை பேர் வாழ்கிறார்கள் என்பதை அவர் அறிந்திருக்கவில்லை. ஜனத்தொகைப் பட்டியலை மனப்பாடம் செய்வது தம் வேலையல்லவென்று அவர் சமாதானம் சொன்னார். அது கேட்டவர் மனத்தில் ஒட்டவில்லை. சில தினங்களில் அமெரிக்க விமானங்கள் ஃபோர்டோ, நத்தான்ஸ், இஸ்பஹான் என்ற மூன்று இடங்களில் குண்டு வீசின. அதே கார்ல்ஸன் 2025 அக்டோபரில், யூதத் துவேஷம் பேசிவரும் நிக் ஃபுவெண்டெஸை அழைத்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் இன்முகத்தோடு பேசினார். ஸெனட்டரிடம் காட்டிய கூர்மையில் ஒரு பங்கைக்கூட இங்கே காட்டவில்லையென்று அவருடைய கக்ஷிக்குள்ளேயே பெருங்கண்டனம் எழுந்தது. பேட்டி காண்பவர் ஒருவரே. நேரமும் ஏறக்குறைய ஒன்றே. கேட்க வேண்டுமென்ற உறுதி இருந்த இடத்தில் உண்மை வெளிப்பட்டது. இல்லாத இடத்தில் விருந்தாளிக்கு மேடை கிடைத்தது.

தயாரிப்பு இருந்தால் நீண்ட பேட்டி என்ன செய்யும் என்பதற்கு 1977ஆம் வருஷத்து டேவிட் ஃப்ராஸ்ட் – நிக்ஸன் பேட்டியைக் காட்டலாம். 1974-ல் ராஜீனாமாச் செய்து மன்னிப்பும் பெற்றுவிட்ட நிக்ஸனைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த எந்த நீதிமன்றத்தாலும் இயலாமற் போயிற்று. ஃப்ராஸ்ட் 6 லட்சம் டாலர் கொடுத்து இந்தப் பேட்டியைப் பெற்றார்; அதை நாம் மெச்சவில்லை. ஆனால் அவருடைய ஆராய்ச்சியாளர்கள் மாதக்கணக்கில் தஸ்தாவேஜுகளைப் புரட்டி, நிக்ஸன் எதிர்பாராத சம்பாஷணைப் பதிவுகளைத் தேடி எடுத்தனர். 28 மணி நேரத்துக்கு மேல் கேள்விகள் நடந்தன. ஜனாதிபதி செய்தால் அது சட்டவிரோதமாகாது என்ற தம் உள்ளக்கருத்தை நிக்ஸன் தம் வாயாலேயே ஒப்புக்கொண்டார். முதல் ஒளிபரப்பை மாத்திரம் நாலரைக் கோடி அமெரிக்கர் பார்த்தனர். நீதிமன்றத்துக்கு எட்டாத விசாரணை ஒரு நாற்காலிக்கு எதிரே நடந்தேறியது.

எதிர்க்கக்ஷியாரை மட்டும் வதைத்து, தம்மவரைத் தடவிக்கொடுப்பதும் விசாரணையாகாது. வில்லியம் பக்ளி 1966 முதல் 1999 வரை நடத்திய ‘ஃபயரிங் லைன்’ நிகழ்ச்சி பழமைவாதிகளின் கோட்டை. எனினும் வியத்நாம் யுத்தத்தைக் கண்டித்த நோம் சோம்ஸ்கியை 1969-ல் அழைத்து அவருக்கு முழு அவகாசம் கொடுத்தார். 1978 ஜனவரியில், பனாமா கால்வாய் உடன்படிக்கை விஷயத்தில் தம் நண்பரும் தம் கக்ஷியின் நம்பிக்கை நட்சத்திரமுமான ரீகனையே எதிர்த்து வாதித்தார். நட்பு கெடவில்லை, விஷயம் விளங்கிற்று.

சினேக பாவமான சம்பாஷணையில்தான் மனிதனின் உள்ளம் மலரும், அதட்டினால் மூடிக்கொள்ளும் என்று ஓர் ஆக்ஷேபம் உண்டு. அதில் நியாயமிருப்பதை நாம் மறுக்கவில்லை. மூன்று மணி நேரம் ஒருவர் பேசினால் அவருடைய சுபாவம் தெரிந்துவிடும். ஆனால் ஜனங்கள் ஒருவரிடம் ஒப்படைப்பது கஜானாவையும் சேனையையும். சுபாவம் இனியதாயிருந்தால் வரிக்கணக்கு சரியாகிவிடாது. சிரிப்பு நன்றாயிருந்தால் குண்டு விழாமற் போகாது. ரோகனே 2025-ல், விசாரணையின்றி ஜனங்கள் நாடு கடத்தப்படுவதைத் தம் ஒலிபரப்பில் கண்டிக்க நேர்ந்தது. அந்த அக்கறையைத் தேர்தலுக்கு முன்பே கேள்வியாக வைத்திருக்கலாமன்றோ?

இவ்வழக்கம் நம் வாசலுக்கும் வந்துவிட்டது. 2025 மார்ச்சில் அமெரிக்கரான லெக்ஸ் ஃப்ரிட்மன் நம் பிரதமர் மோடியை ஏறக்குறைய மூன்று மணி நேரம் பேட்டி கண்டார். இதற்கு வெகு காலம் முன்பு, 1942 ஜூனில், லூயி ஃபிஷர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் சேவாகிராமத்தில் ஒரு வாரம் தங்கிக் காந்தியடிகளிடம் நாள்தோறும் கேள்விகள் கேட்டார். யுத்த காலத்தில் பிரிட்டிஷார் வெளியேறினால் ஜப்பானியர் புகமாட்டார்களா என்று அவர் வற்புறுத்திக் கேட்டதற்கும் காந்தியடிகள் பொறுமையாக விடையளித்தார். கேட்டவருக்கும் குறைவில்லை, கேட்கப்பட்டவருக்கும் குறைவில்லை.

ஆகையால் நம் தேச ஊழியர்களுக்கு ஒரு வார்த்தை. எந்தத் தலைவரின் நீண்ட பேட்டியைக் கேட்டாலும், அவர் நம் கக்ஷியாரேயாயினும், மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். கேட்பவர் விஷயத்தைப் படித்துவிட்டு வந்தாரா? பதில் நழுவியபோது அதே கேள்வியை இரண்டாம் முறை கேட்டாரா? தமக்கு வேண்டியவரிடமும் வேண்டாதவரிடமும் ஒரே தராசைப் பிடித்தாரா? இம்மூன்றும் இருந்தால் அரைமணிப் பேட்டியும் தேசத்துக்குப் பயன் தரும். இல்லையேல், விடிய விடியப் பேசினாலும் அது தலைவரின் பிரசாரமேயன்றி ஜனங்களின் விசாரணையாகாது. இரண்டாம் கேள்வியைக் கேட்பாரில்லாத தேசத்தில் முதல் பதிலே சட்டமாகிவிடும்.