பிரம்பு கிழிஞ்சா நாற்காலியே போச்சா? கைகொடுக்கும் ஆறு சுற்றுப் பின்னல்!

புதுக்கோட்டை மாவட்டத்தின் கடியாபட்டி, ராயவரம் பக்கம் போனால், செட்டிநாட்டு வீடுகளில் பர்மா தேக்கு நாற்காலிகளைப் பார்க்கலாம். சட்டம் தலைமுறை கடந்தும் அசையாது. முதலில் போவது பிரம்பு இருக்கைதான். நடுவில் ஓட்டை விழுந்ததும் சிலர் பிளாஸ்டிக் ஒயர் போடுகிறார்கள். சிலர் பழைய சாமான் கடைக்கே தள்ளிவிடுகிறார்கள். தேய்ந்தது இருக்கை மட்டும்தானே?

நாற்காலியைக் கவிழ்த்துப் பாருங்கள். சட்டத்தைச் சுற்றித் துளைகள் இருந்தால், அது கையால் பின்னியது, மறுபடியும் பின்னலாம். துளைகள் இல்லாமல் ஓரத்தில் பள்ளம் மட்டும் ஓடினால், ரெடிமேட் பிரம்பு வலையை அதில் பதிக்க வேண்டும்.

கைப்பின்னலுக்கு, பழைய பிரம்பை வெட்டியெடுத்து, துளைகளைச் சுத்தம் செய்வார்கள். பிரம்பின் மேல்தோலில் சீவிய பட்டையைத் தண்ணீரில் ஊறவைத்தால் உடையாமல் வளையும். நேராக, குறுக்காக, மீண்டும் நேராக, மீண்டும் குறுக்காக, கடைசியில் மூலைவாட்டில் இரண்டு என மொத்தம் ஆறு சுற்று. எண்கோணக் கண்கள் பிறந்துவிடும். காயும்போது பட்டை இன்னும் இறுகும். அதுவரை உட்காரக் கூடாது.

கனடாவின் மரத் துடுப்புப் படகுகளிலும் இதே பின்னல் இருக்கைகள் உண்டு. எடை குறைவு, தண்ணீரும் தேங்காது.

கவனிக்க வேண்டியவை:

* இருக்கை மேல் ஏறி நிற்காதீர்கள்.
* வெயிலில் போட்டு வைக்காதீர்கள். பட்டை முறுகி ஒடியும்.
* லேசாகத் தொய்ந்தால், அடிப்பக்கத்தை ஈரத்துணியால் நனைத்து இரவு முழுக்கக் காயவிடுங்கள். ஓரளவு இறுகும்.

பரணில் தாத்தாவின் நாற்காலி கிடக்கிறதா? விற்பதற்கு முன், பின்னத் தெரிந்த ஒருவரை ஊரில் விசாரியுங்கள். வேலை வந்தால்தான் அந்தக் கைகளும் தொழிலில் நிற்கும்!