பழைய மிஷினுக்குப் புது மூளை: சாதாரண கம்ப்யூட்டரால் உயிர் பெறும் சி.என்.சி. மில்லிங் மிஷின்

வீட்டுக்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அதில் கடிதம் டைப் செய்கிறார்கள், பாட்டுக் கேட்கிறார்கள், இன்டர்நெட்டில் உலவுகிறார்கள். அதே கம்ப்யூட்டரால் மூன்று டன் எடையுள்ள ஓர் இரும்பு மிஷினை, தலைமுடியின் பருமனைவிட நுண்ணிய அளவில் நகர்த்தி வேலை வாங்க முடியும் என்றால் நம்புவீர்களா? முடியும். ஆனால் அதற்கு உங்கள் கம்ப்யூட்டரிடம் இருக்க வேண்டிய தகுதி நீங்கள் நினைப்பது போல வேகம் அல்ல. அது என்ன என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

புதுச்சேரியில் தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு ஆகிய இடங்களில் தொழிற்பேட்டைகள் உள்ளன. இதுபோல் சிறு பட்டறைகள் நிறைந்த எந்த ஊரிலும் சந்திக்கக் கூடிய பிரச்சினை ஒன்று உண்டு. ஒரு பட்டறையில் இருபது, இருபத்தைந்து வருடப் பழைய சி.என்.சி. மில்லிங் மிஷின் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மிஷினின் இரும்பு உடல் நன்றாக இருக்கிறது. கண்ட்ரோலர் மட்டும் கெட்டுவிட்டது. அதற்கான சர்க்யூட் போர்டு இப்போது தயாரிக்கப்படுவதில்லை. புது மிஷின் வாங்கப் பணம் இல்லை. முதலாளிக்கு முன்னால் இருப்பவை இரண்டு வழிகள். ஒன்று, மிஷினைக் காயலான் கடைக்கு எடைக்குப் போடுவது. மற்றொன்று, பழைய உடலுக்குப் புது மூளை பொருத்துவது. இந்த இரண்டாவது வழியைத்தான் ரெட்ரோஃபிட் என்கிறார்கள்.

சி.என்.சி. என்றால் என்ன?

கம்ப்யூட்டர் நியூமெரிக்கல் கண்ட்ரோல் என்பதன் சுருக்கமே சி.என்.சி. மில்லிங் மிஷினில் ஸ்பிண்டில் என்ற தண்டு சுழலும். அதன் முனையில் உள்ள கட்டர், டேபிளில் இறுக்கி வைத்த உலோகத்தைச் செதுக்கும். டேபிள் இடவலமாக நகர்வது எக்ஸ் அச்சு, முன்பின்னாக நகர்வது ஒய் அச்சு, ஸ்பிண்டில் மேலும் கீழும் நகர்வது இசட் அச்சு.

சாதாரண மிஷினில் இவற்றைக் கைப்பிடிச் சக்கரத்தைச் சுற்றி நகர்த்துவார்கள். சி.என்.சி.யில் ஒவ்வோர் அச்சுக்கும் ஒரு மோட்டார் உண்டு. மோட்டார், பால் ஸ்குரூ என்ற திருகுத் தண்டைச் சுழற்ற, டேபிள் நகரும். எவ்வளவு சுழன்றது என்பதை என்கோடர் என்ற சிறு கருவி எண்ணிச் சொல்லும். மோட்டாருக்குத் தேவையான மின்சக்தியை டிரைவ் என்ற பெட்டி கொடுக்கும். இவை அனைத்துக்கும் உத்தரவு போடுவதுதான் கண்ட்ரோலர்.

உத்தரவுகள் ஜி கோடு என்ற மொழியில் எழுதப்படுகின்றன. உதாரணமாக, ஜி01 எக்ஸ்50 எஃப்200 என்று எழுதினால், 'எக்ஸ் அச்சில் 50 மி.மீ. என்ற இடத்துக்கு, நிமிடத்துக்கு 200 மி.மீ. வேகத்தில், நேர்கோட்டில் போ' என்று பொருள். நோட்பேடில் டைப் செய்யத் தெரிந்தவர்கள் ஜி கோடும் எழுதிவிடலாம்.

முதல் மிஷினே ரெட்ரோஃபிட்தான்!

அமெரிக்காவில் ஹெலிகாப்டர் இறக்கைகள் தயாரித்துவந்த ஜான் பார்சன்ஸ், எண்களைக் கொண்டு மிஷினை நகர்த்தும் யோசனையை 1940களின் இறுதியில் முன்வைத்தார். விமானப்படையின் நிதி உதவியுடன் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் அந்த வேலையைச் செய்தது. அவர்கள் புதிதாக மிஷின் எதையும் வடிவமைக்கவில்லை. சின்சினாட்டி ஹைட்ரோடெல் என்ற, ஏற்கெனவே விற்பனையில் இருந்த மில்லிங் மிஷினை எடுத்து, அதில் தங்கள் கண்ட்ரோலைப் பொருத்தி 1952இல் இயக்கிக் காட்டினார்கள். நூற்றுக்கணக்கான வெற்றிடக் குழாய்கள் கொண்ட அந்தக் கண்ட்ரோலர், மிஷினைவிட அதிக இடத்தை அடைத்துக்கொண்டது. உத்தரவுகள் துளையிட்ட காகித நாடாவில் இருந்து படிக்கப்பட்டன.

இந்த நாடாவின் அடையாளம் பல பத்தாண்டுகள் மறையவில்லை. பல பழைய கண்ட்ரோலர்களில் மெமரியை மெகாபைட்டில் சொல்ல மாட்டார்கள், மீட்டரில் சொல்வார்கள்! நாடாவில் ஓர் அங்குலத்துக்குப் பத்து எழுத்துகள். எனவே 80 மீட்டர் மெமரி என்றால் ஏறக்குறைய 32 ஆயிரம் எழுத்துகள், அதாவது சுமார் 32 கிலோபைட். உங்கள் செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோவுக்கு இதைப்போல நூறு மடங்கு இடம் வேண்டும்.

இரும்பு வாழும், எலக்ட்ரானிக்ஸ் சாகும்

மிஷினின் உடல் வார்ப்பிரும்பால் ஆனது. ஒழுங்காக ஆயில் போட்டுப் பராமரித்தால் பல பத்தாண்டுகள் உழைக்கும். பெங்களூரில் 1953இல் தொடங்கப்பட்ட எச்.எம்.டி. நிறுவனத்தின் பழைய மிஷின்கள் இன்னும் பட்டறைகளில் ஓடுவதைப் பார்க்கலாம்.

கண்ட்ரோலருக்கு அவ்வளவு ஆயுள் கிடையாது. அதன் கப்பாசிட்டர்கள் காய்ந்துபோகும். மானிட்டர் மங்கும். கடலோர ஊர்களில் உப்புக் காற்றும் ஈரமும் சர்க்யூட் போர்டின் இணைப்புகளை அரிக்கும். பல பழைய கண்ட்ரோலர்களில், மிஷினின் அளவுகள் அடங்கிய பாராமீட்டர்கள் பேட்டரியின் தயவில்தான் மெமரியில் நிற்கின்றன. பேட்டரி தீர்ந்துபோனால் மிஷின் தன் அளவுகளையே மறந்துவிடும். அவற்றை எழுதி வைத்த தாளும் தொலைந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

அரசு ஆய்வில் பிறந்த இலவச சாப்ட்வேர்

ஒவ்வொரு நிறுவனத்தின் கண்ட்ரோலரும் ஒவ்வொரு விதமாக, பூட்டிய பெட்டியாக இருந்ததால், எல்லோரும் பயன்படுத்தக் கூடிய பொது முறை ஒன்றைக் கண்டறிய அமெரிக்க அரசின் தர நிறுவனமான நிஸ்ட் முயன்றது. அதற்காக 1990களில் எழுதப்பட்டதே இ.எம்.சி. என்ற சாப்ட்வேர். மிச்சிகன் மாநிலத்தின் போன்டியாக் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் பவர்டிரெயின் ஆலையில், கியர்னி அண்டு டிரெக்கர் நிறுவனத்தின் நான்கு அச்சு மிஷின் ஒன்றில் அதைப் பொருத்திச் சோதித்தார்கள். ஆய்வுக்கூட மேஜையில் அல்ல, உண்மையான ஆலையில் நடந்த ரெட்ரோஃபிட் அது.

அமெரிக்க அரசு ஊழியர்கள் பணியில் எழுதியதற்கு அந்நாட்டில் காப்புரிமை கிடையாது. எனவே அந்த புரோகிராம் பொதுச்சொத்து ஆனது. தன்னார்வலர்கள் எடுத்து வளர்த்தார்கள். இ.எம்.சி. என்ற பெயரில் டேட்டா ஸ்டோரேஜ் நிறுவனம் ஒன்று இருந்ததால் பெயர்ப் பிரச்சினை வந்தது. 2012இல் வெளியான 2.5 பதிப்பில் இருந்து அதன் பெயர் லினக்ஸ்சி.என்.சி. இன்றும் இலவசமாகவே டவுன்லோட் செய்துகொள்ளலாம்.

வேகம் போதாது, நேரம் தவறக் கூடாது

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். நீங்கள் பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கும்போது பின்னால் வைரஸ் ஸ்கேன் ஓடினால், சில சமயம் பாட்டு ஒரு கணம் திக்கும். அதைப் பொருட்படுத்த மாட்டோம். மிஷினில் அதே திக்கல் வந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஸ்டெப்பர் மோட்டார் என்ற வகைக்கு, ஒரு துடிப்பு அனுப்பினால் ஒரு சிறு அடி நகரும். ஒரு சுற்றுக்கு 2000 துடிப்புகள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றில் டேபிள் 5 மி.மீ. நகர்ந்தால், ஒரு மி.மீ.க்கு 400 துடிப்புகள். டேபிள் வினாடிக்கு 50 மி.மீ. ஓட வேண்டுமானால் வினாடிக்கு 20,000 துடிப்புகள் வேண்டும். அதாவது 50 மைக்ரோ செகண்டுக்கு ஒரு துடிப்பு. ஒரு வினாடியைப் பத்து லட்சம் கூறு போட்டால் அதில் ஒரு கூறுதான் மைக்ரோ செகண்ட்.

ஆப்பரேட்டிங் சிஸ்டம் வேறு வேலையில் மூழ்கி, நூறில் ஒரு பங்கு வினாடி தாமதித்தால் 200 துடிப்புகள் வர வேண்டிய இடம் காலியாகிவிடும். மோட்டார் திடீரென நிற்கும். மீண்டும் முழு வேகத்தில் துடிப்புகள் வரும்போது அதனால் உடனே பிடித்து ஓட முடியாது. சில அடிகளைத் தவறவிடும். என்கோடர் இல்லாத மிஷினில் இது யாருக்கும் தெரியாது. அதன் பிறகு வெட்டுவதெல்லாம் தவறான இடத்தில் விழும். பல மணி நேரம் செதுக்கிய பாகம் வீணாகும், கட்டர் உடையும்.

நினைத்த நேரத்துக்கு வந்து பறந்து போகும் பஸ்ஸைவிட, நிதானமாக ஓடினாலும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தவறாமல் வரும் பஸ்தான் வேலைக்குப் போகிறவருக்கு உதவும். மிஷினுக்கும் அப்படித்தான். இவ்வாறு சொன்ன நேரத்தில் வேலையை முடிப்பதை ரியல் டைம் என்கிறார்கள். இதற்காகவே திருத்தப்பட்ட லினக்ஸ் கெர்னலில் லினக்ஸ்சி.என்.சி. ஓடுகிறது. பல வருடங்கள் தனியாக வளர்ந்த இந்த ரியல் டைம் வசதி, 2024இல் வந்த 6.12 பதிப்பில் பொது லினக்ஸ் கெர்னலிலேயே சேர்க்கப்பட்டது.

கம்ப்யூட்டரையும் மிஷினையும் எப்படி இணைப்பது?

முன்பு பிரிண்டர் இணைத்த 25 பின் பேரலல் போர்ட் நினைவிருக்கிறதா? துடிப்பை நேராக வெளியே அனுப்ப அது மிகவும் வசதியானது. அதனால்தான் பழைய டெஸ்க்டாப்களுக்கு இந்தத் துறையில் இன்னும் மதிப்பு. யு.எஸ்.பி.யில் செருகும் பேரலல் போர்ட் கன்வர்ட்டர் பிரிண்டருக்கு மட்டுமே உதவும். துடிப்பு அனுப்ப உதவாது. லேப்டாப்பும் வேண்டாம். பேட்டரியை மிச்சம் பிடிக்க அது செய்யும் வேலைகள் நேரத்தைக் குலைக்கும்.

பெரிய மிஷின்களுக்குத் தனி இன்டர்ஃபேஸ் கார்டு போடுவது நல்லது. நுண்ணிய துடிப்புகளை அனுப்புவது, என்கோடரை எண்ணுவது போன்ற அவசர வேலைகளைக் கார்டு பார்த்துக்கொள்ளும். கம்ப்யூட்டர் ஒரு மில்லி செகண்டுக்கு ஒருமுறை உத்தரவு தந்தால் போதும். பழைய மிஷின்களில் பெரும்பாலும் சர்வோ மோட்டார்கள் இருக்கும். 'எங்கே இருக்க வேண்டும், எங்கே இருக்கிறது' என்ற வித்தியாசத்தைக் கம்ப்யூட்டர் வினாடிக்கு ஆயிரம் முறை கணக்கிட்டு, அதற்கேற்ற வோல்டேஜை டிரைவுக்கு அனுப்பும்.

மாற்றும் வேலை எப்படி நடக்கிறது?

1. முதலில் இரும்பைப் பரிசோதிக்க வேண்டும். டயல் கேஜ் வைத்து பால் ஸ்குரூவில் எவ்வளவு 'பிளே' இருக்கிறது, ஸ்பிண்டில் ஆடுகிறதா என்று பார்ப்பார்கள். உடல் தேய்ந்துபோயிருந்தால் புது மூளை பொருத்திப் பயன் இல்லை.

2. வயர்களைக் கழற்றும் முன் ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய லேபிள் ஒட்டி, போட்டோ எடுக்க வேண்டும். இந்த வேலையில் சோம்பல் பட்டால் பிறகு நாள்கணக்கில் தேட நேரிடும்.

3. நன்றாக வேலை செய்யும் மோட்டார், டிரைவ், என்கோடர் ஆகியவற்றை அப்படியே வைத்துக்கொள்ளலாம். செலவு பெரிதும் குறைவது இங்குதான்.

4. கார்டை இணைத்த பின் ஒவ்வோர் அச்சாக மெதுவாக ஓட்டி, அளவுகளைச் சரிசெய்ய வேண்டும். 100 மி.மீ. என்றால் டேபிள் 100 மி.மீ.தான் நகர்கிறதா என்று அளந்து பார்க்க வேண்டும்.

5. முதல் புரோகிராமை உலோகம் வைக்காமல் வெறும் காற்றில் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

சிவப்பு பட்டனை சாப்ட்வேரிடம் விடாதீர்கள்

கம்ப்யூட்டர் 'ஹேங்' ஆவது நமக்குப் பழகிப்போன விஷயம். ரீஸ்டார்ட் செய்தால் முடிந்தது. ஆனால் ஆள் அருகில் நிற்கும்போது மிஷினின் கண்ட்ரோல் ஹேங் ஆனால்? எனவே எமர்ஜென்சி ஸ்டாப் என்ற சிவப்பு பட்டன், கம்ப்யூட்டரைக் கேட்காமல், ரிலே மூலம் நேரடியாக மோட்டார்களின் சக்தியைத் துண்டிக்கும்படி வயரிங் செய்யப்பட வேண்டும். துண்டித்த செய்தி கம்ப்யூட்டருக்கும் தெரிவிக்கப்பட வேண்டும், அவ்வளவுதான். கம்ப்யூட்டரிடம் இருந்து குறித்த நேரத்தில் தகவல் வராவிட்டால் தானே மிஷினை நிறுத்தும் வாட்ச்டாக் வசதி நல்ல கார்டுகளில் உண்டு. கரண்ட் போனதும் எடை மிகுந்த ஸ்பிண்டில் தலை கீழே இறங்கிவிடாமல் இருக்க இசட் அச்சில் பிரேக் இருக்க வேண்டும். இந்த வேலைகளை அனுபவமுள்ள எலக்ட்ரீஷியன் செய்வதே சரி.

உங்கள் கம்ப்யூட்டர் தேறுமா?

மிஷின் இல்லாமலே இதை வீட்டில் சோதிக்கலாம். லினக்ஸ்சி.என்.சி.யின் ஐ.எஸ்.ஓ. ஃபைலை டவுன்லோட் செய்து பென் டிரைவில் ஏற்றுங்கள். கம்ப்யூட்டரை அதில் இருந்து ஸ்டார்ட் செய்து, லைவ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். இன்ஸ்டால் என்பதைத் தொட வேண்டாம், ஹார்ட் டிஸ்க்கில் உள்ளவை அழிந்துபோகலாம்.

அதில் லேட்டன்சி டெஸ்ட் என்ற புரோகிராமை ஓடவிட்டு, விண்டோக்களை இழுங்கள், ஃபைல்களை காப்பி செய்யுங்கள், பாட்டுப் போடுங்கள். அதிகபட்சத் தாமதம் 20 மைக்ரோ செகண்டுக்குள் இருந்தால் பேரலல் போர்ட் வழியாக மோட்டாரை ஓட்ட மிக நல்ல கம்ப்யூட்டர். 50 வரை பரவாயில்லை, வேகம் கொஞ்சம் குறையும். 100ஐத் தாண்டினால் தனிக் கார்டு வேண்டும். விலை உயர்ந்த புதுக் கம்ப்யூட்டர் தோற்று, பழைய டெஸ்க்டாப் ஜெயிப்பதும் நடக்கும்.

அடுத்து சிமுலேஷனில் மி.மீ. அளவில் இயங்கும் ஆக்சிஸ் என்ற திரையைத் திறந்து, மேலே சொன்ன ஜி கோடு வரியை டைப் செய்து பாருங்கள். திரையில் கட்டர் 50 மி.மீ.க்கு நகரும்.

மிஷினின் சத்தத்தைக் கேட்டே அதன் நிலையைச் சொல்லும் ஆப்பரேட்டர்கள் பட்டறைகளில் இருக்கிறார்கள். கம்ப்யூட்டர் என்றால்தான் அவர்களில் பலருக்குத் தயக்கம். உங்கள் தெருவிலோ உறவிலோ அப்படி ஒருவர் இருந்தால், இந்தச் சிமுலேஷனை அவருக்குக் காட்டுங்கள். காயலான் கடைக்குப் போக இருக்கும் ஒரு மிஷின் தப்பிக்கலாம்.