மாதமொரு கிரிவலம் போதுமா?

தணிக்கைக்காகச் சங்கங்களுக்குச் செல்லுமிடத்து, “பௌர்ணமி தவறாமல் கிரிவலம் வருகிறோம், வேறு தேகப்பயிற்சி எதற்கு?” என நெசவாளர் சிலர் நம்மை வினவுவதுண்டு.

அண்ணாமலையைச் சுற்றிவரும் பாதை ஏறத்தாழ 14 கிலோமீட்டர். நிதானமாக நடப்போர்க்கு மூன்று, நான்கு மணி நேரமாகும். நல்ல நடைதான், ஐயமில்லை. ஆயினும், வயது வந்தோர்க்கு வாரந்தோறும் 150 நிமிட மிதமான உடலுழைப்பேனும் வேண்டுமென்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒருநாள் நடந்துவிட்டு, எஞ்சிய நாளெல்லாம் தறிக்குழியிலேயே அமர்ந்திருப்பது அதற்கு ஈடாகாது. மிதியை மிதிப்பதில் கால் மட்டுமே அசைகிறது. ஆகவே நூல் வாங்கவும் சேலை ஒப்படைக்கவும் சங்கத்திற்கு வருவோர் நடந்தே வரலாம். இரண்டு தெரு தாண்ட மோட்டார் வண்டி எதற்கு? விவசாய அங்கத்தினரும் இப்போது வரப்பு வரையில் வண்டியிலேயே செல்கின்றனர்!

உணவைப் பொறுத்தவரை, நமது ஜவ்வாது மலையில் விளையும் சாமையை ஒருவேளையேனும் உண்ணலாம். வெளுக்கத் தீட்டினால் தவிட்டோடு நார்ச்சத்தும் போய்விடும்; அதனைக் கவனித்து வாங்குக. உப்பு, ஊறுகாயும் அப்பளமும் உட்பட, நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், அடங்கவேண்டும்.

நீரிழிவுடையோர்க்கு ஒரு வார்த்தை. பாதத்தில் உணர்ச்சி குன்றியவர் வெறுங்காலுடன் நடக்கையில் கல் குத்துவதையும் தார்ச்சாலை சுடுவதையும் அறியார். நாமறிந்த நெசவாளர் ஒருவர் அவ்வாறு கொப்புளத்தைக் கவனியாதிருந்து, கால்விரலை இழந்தார். பல மாதம் தறியில் அமர இயலவில்லை. அத்தகையோர் மருத்துவரைக் கேட்டபின்னரே கிரிவலம் புறப்படுக. வீடு திரும்பியதும் உள்ளங்காலை வெளிச்சத்தில் பார்த்துவிட்டு உறங்குக.