எச்சில் தின்ற எஃகு

ஜப்பானியக் குண்டுகளுக்கு நகரமே நடுங்கிக்கொண்டிருந்த 1943 பிப்ரவரியில், விழா எதுவும் இல்லாமல் திறக்கப்பட்டது ஹவுரா பாலம். மொத்தம் 26,500 டன் எஃகு. அதில் 23,000 டன் டாடா ஆலையில் வார்த்த, இழுவிசைக்கு எளிதில் மசியாத 'டிஸ்க்ராம்' ரகம். நட்டு, போல்ட் கிடையாது; எல்லாம் ரிவெட்.

புயல், ட்ராம், லாரி எல்லாவற்றையும் சமாளித்த இந்த ராட்சசனை அசைத்துப் பார்த்தது பான் எச்சில். பாலத்தின் பாதையைத் தாங்கும் 78 தொங்கு தூண்களின் அடிப்பகுதிதான் கொல்கத்தாவாசிகளுக்கு இலவச எச்சில் படிக்கம். அங்கே பொருத்தியிருந்த எஃகு உறைகளின் தடிமன் ஆறு மில்லிமீட்டரிலிருந்து சில ஆண்டுகளில் மூன்றுக்கும் கீழே தேய்ந்துவிட்டதைப் பொறியாளர்கள் கண்டுபிடித்தார்கள். 2011இல் செய்தி வெளியானபோது ஊர் சிரித்தது. துறைமுக அதிகாரிகள் சிரிக்கவில்லை. உறைக்குப் பிறகு அரிபடப்போவது தூண்.

எஃகின் பலம் வேறு, ஆயுள் வேறு. அலுமினியத்தின் மேல் படியும் ஆக்சைடு ஒட்டிக்கொண்டு உள்ளிருக்கும் உலோகத்தைக் காக்கும். இரும்புத் துரு அப்படியல்ல; செதில் செதிலாக உதிர்ந்து, அடுத்த அடுக்கை ஈரத்துக்கும் காற்றுக்கும் திறந்துவிடும். ஓயாமல் நனைந்துகொண்டே இருந்தால் கேட்கவே வேண்டாம்.

கடைசியில் கைகொடுத்தது ஃபைபர் கிளாஸ். பாலத்தைத் தாங்க லாயக்கில்லாத பொருள்தான். ஆனால் துருப்பிடிக்காது. அந்த உறைகளைத் தூண்களின் காலில் மாட்டினார்கள். துப்புகிறவர்கள் துப்பட்டும், கழுவிவிடலாம்.